போய்த் திரும்பிய பணம்

தம்பி, உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் 'ஓகே' என்று மட்டும் பதில் போடுகிற அப்பா இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாரே என்று நீ பயந்துவிடக் கூடாது. நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். புது வேலைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, அடுத்த மாதத்திலிருந்து பழையபடி பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். வேலை கிடைத்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கம்மா படத்துக்கு முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன். ஆனால் 'பழையபடி' என்று எழுதியிருந்தாயே, அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீயும் நானும் போனில் எப்படிப் பேசுவோம் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். நம் தாமான் குடியிருப்பில் நம்முடைய வரிசையிலேயே நான்கு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுச் சீமையில் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

உங்கம்மா இருந்தவரைக்கும் உன் பணம் எப்படி வந்தது என்று நான் கவனித்ததே இல்லை. அது உங்கள் இரண்டு பேருடைய காரியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவாள். நீ அனுப்பப் போகிறேன் என்று சொல்லுவாய். அவள் விடமாட்டாள். "இன்னிக்கு அனுப்பாதய்யா. டாலரு கீழ கெடக்கு. புதன்கெழமை பாத்துட்டு அம்மா கூப்புடுறேன்" என்பாள். புதன்கிழமை கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு காசு ஏறட்டும்யா, வெள்ளிக்கெழமை பாப்போம்" என்பாள். நான் நாளிதழுக்குப் பின்னாலிருந்து, "அந்த ரெண்டு காசுல என்னா பங்களாவா கட்டப் போற?" என்று கேட்டிருக்கிறேன். "ஒங்களுக்கு ஒன்னும் தெரியாது. சும்மா இருங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். அவள் சொன்னது சரிதான். ரேட்டு ஏறினாலும் இறங்கினாலும் அவளுக்கு வாரத்தில் இரண்டு போன் கூடுதலாகக் கிடைத்தது. எல்லாம் பேசி முடித்து, கடைசியில் என்னிடம் கொடுப்பாள். "சாப்டியா?" என்பேன். "சாப்டேன்பா, நீங்க?" என்பாய். "ஆச்சு." அவ்வளவுதான். முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன் நான். பின்னால் இருபது பிள்ளைகள் கத்துகிற சத்தத்திலேயே காலம் போனதால் பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஓய்வாக இருந்தது. அதை வீட்டிலும் பழக்கமாக்கிக்கொண்டேன்.

அவள் போனபின் நீ வந்தாய், பதினாறாம் நாள் காரியம் முடித்தாய், திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு எது நின்றாலும் பணம் நிற்கவில்லை. மாதம் பிறந்தால் "பா, போட்டாச்சு" என்று உன் செய்தி வரும். நான் "வந்துச்சு" என்று எழுதுவேன். முன்பு மூன்று நாள் ஆன காரியம், இப்போது போனிலேயே அனுப்புகிறாய், நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. வராமல் போனதில்லை, குறைந்ததில்லை. விசாரிக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அப்பன் மகனுக்கு நடுவில் ஒரு மாதத்துக்கு மூன்று சொல். கோயிலில் யாராவது கேட்டால், "மாசாமாசம் அனுப்புறான், கொறையில்ல" என்று பெருமையாகத்தான் சொல்லுவேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் தேநீர் குடித்து வைத்துவிட்டுப் போன மங்கு வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் உன் பெர்த்துக்கும் மலேசியாவில் நம் ஜாசினுக்கும் பணம்தான் வேறு, அங்கே டாலர், இங்கே வெள்ளி; மணி ஒன்று. இங்கே பத்து என்றால் அங்கேயும் பத்து. அதனால்தான் உன் விஷயம் எனக்குப் பிடிபட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு வரி கட்டுவதற்கு உன் அடையாள அட்டை எண் தேவைப்பட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாய், உன் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. கனரக வண்டிகள் பழுது பார்க்கிற பட்டறையில் ஏது குக்கர்? "லீவுபா" என்றாய். அடுத்த வாரம் வேண்டுமென்றே அதே நேரத்தில் கூப்பிட்டேன். அப்போதும் லீவு. மூன்றாவது தடவை நான் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, வேல இருக்கா இல்லையா?"

நீ அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பட்டறைய மூடிட்டாங்கபா. நான் பாத்துக்கிறேன். நீங்க யோசிக்காதீங்க."

மூடி ஐந்து மாதம் என்று பிறகு சொன்னாய். அந்த ஐந்து மாதமும் சாயங்காலத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, வாடகையைத் தள்ளிப்போட்டு, எனக்கு மட்டும் ஒரு டாலர் குறையாமல் அனுப்பியிருக்கிறாய். நான் ஒவ்வொரு மாதமும் "வந்துச்சு" என்று எழுதியிருக்கிறேன்.

நீ அனுப்பியதில் பாதியைக்கூட நான் தொட்டதில்லை. ஒரு மனுஷனுக்கு என்ன செலவு? கரண்டு, தண்ணீர், சர்க்கரை மாத்திரை, வெள்ளிக்கிழமை கோயில் தட்டில் போடுவது. மீதி எல்லாம் கணக்கில் கிடந்தது. அதில் ஆறாயிரம் வெள்ளியை உனக்கே அனுப்பிவிடலாம் என்று மறுநாள் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பையன் மரியாதையானவன். என்ன நோக்கத்துக்கு என்று கேட்டான். மகனின் செலவுக்கு என்றேன். படிக்கிறானா என்றான். இல்லை, முப்பத்து நான்கு வயது என்றேன். அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். பிறகு, "அனுப்புற செலவு யாரோடது அங்கிள்? உங்களோடதா, வாங்குறவரோடதா, இல்ல ஆளுக்குப் பாதியா?" என்று மலாயில் கேட்டான். பெற்றவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் பாதிப் பாதி என்றேன். அதற்கு அர்த்தம் உன் பக்கத்திலும் பிடிப்பார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

செலவு என்று அவன் சீட்டில் காட்டியது சின்னத் தொகை. பெரிய தொகையைக் காட்டவே இல்லை. அது ரேட்டுக்குள் இருந்தது. நான் என் பழைய வேனை விற்றது உனக்கு ஞாபகம் இருக்கும். வாங்கினவன் அதை என் கண் முன்னாலேயே விலையில் மூவாயிரம் கூட்டித் தன் கடை வாசலில் நிறுத்தினான். பணமும் அப்படித்தான். நீ டாலரை விற்கும்போது ஒரு விலை, நான் டாலரை வாங்கும்போது வேறு விலை, நடுவில் இருப்பது அவர்களுக்கு. அதோடு நம் வங்கியிலிருந்து உன் வங்கிக்குப் பணம் நேராகப் போவதில்லை, இடையில் இன்னொரு வங்கியில் இறங்கி ஏறுகிறது, அவர்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். போனில் பார்த்த ரேட்டை வைத்து நான் போட்ட கணக்குக்கும் உன் கைக்குப் போனதற்கும் ஏறக்குறைய நூறு டாலர் வித்தியாசம்.

அதுவும் உடனே போகவில்லை. நடுவில் நின்றுவிட்டது. நான் உன் பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுதியிருந்தேன். அங்கே உன் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்ததாம். பெயர் ஒத்துப்போகவில்லை, விசாரிக்க வேண்டும் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். நீயே கூப்பிட்டாய். நீயாகக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

"பா, என் பேர எப்படி எழுதுனீங்க?"

"இருக்கற மாதிரிதான்டா. ஒன் பேரு, அப்புறம் ஏ எல், அப்புறம் என் பேரு."

"இங்க ஏ எல் எல்லாம் கெடையாதுபா. ஒங்க பேருதான் எனக்குக் குடும்பப் பேரு. அதத்தான் மொதல்ல போட்டிருக்காங்க."

"அப்ப ஒன்னைய எப்படிக் கூப்புடுவாங்க?"

"ஒங்க பேரச் சொல்லித்தான். முன்னாடி மிஸ்டர்னு ஒன்னு போட்டுக்குவாங்க." நீ லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

ஏ எல் என்றால் மலாயில் 'ஆண் பிள்ளை' என்பதன் சுருக்கம், இன்னாருடைய மகன் என்று காட்டுகிற இரண்டு எழுத்து. அதை எடுத்துவிட்டு அப்பன் பெயரையே உனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை எல்லோருக்கும் நான் 'வேன் அங்கிள்'. உங்கம்மா பெயர் சொல்லமாட்டாள், "இந்தாங்க" என்பாள். அதுவும் இப்போது இல்லை. நான் ஒரு நாளும் பார்த்திராத ஊரில் முன்பின் தெரியாதவர்கள் தினமும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படியோ இருந்தது.

அந்தப் பணம் ஒரு வாரம் நடுவழியில் கிடந்தது. அந்த ஒரு வாரம் நாம் தினமும் பேசினோம். வங்கியில் என்ன சொன்னார்கள் என்று ஆரம்பிக்கும், பிறகு எங்கெங்கோ போகும். உன் வாசலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை வருகிறது, அது போகிற வருகிறவர்களைக் கொத்துகிறது என்றாய். ரசம் வைத்தாயாம், புளி சரியாக இல்லையாம். பக்கத்து வீட்டு மாமரம் நம் கூரையில் சாய்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை, "பா, பணம் வந்துருச்சு" என்றாய். "அப்பாடா" என்றேன். சனிக்கிழமை போன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. பணம் இன்னும் ஒரு வாரம் சிக்கிக் கிடந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வாடகைக்குத் திண்டாடுகிற பிள்ளையின் பணத்தைப் பற்றி அப்படி நினைத்தேன்.

அடுத்த வாரத்திலேயே அந்தப் பணத்தை நீ எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டாய். "வேணாம்பா, நீங்க வச்சிக்குங்க" என்று ஒரு வரி. ஆறாயிரமாகப் போனது ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் கீழே இறங்கி வந்து நின்றது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குறைந்த பணத்துக்காக இல்லை. அப்பன் கொடுத்ததை வாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு நான் என்ன அந்நியனா என்று.

அந்தக் கோபத்தில்தான் உன் தாத்தாவின் நினைவு வந்தது. உனக்கு இந்தக் கதையை நான் சொன்னதில்லை. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஊரில் இருந்த தன் தங்கைக்கு ஆள் மூலமாகப் பணம் அனுப்புவார். இங்கே வெள்ளியாகக் கொடுத்தால் அங்கே ரூபாயாகக் கொடுப்பார்கள். அனுப்பியதாக அவர் சொன்ன தொகை ஒன்று, அத்தையின் கைக்குப் போனது ஒன்று. இடையில் கமிஷன் எவ்வளவு, ரேட்டு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அண்ணன் பெருமைக்குக் கூட்டிச் சொல்கிறார் என்று அத்தை நினைத்தார். தங்கை வாங்கிக்கொண்டு குறைத்துச் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிய பணத்தில் அது வெடித்தது. அதற்குப் பிறகு போக்குவரத்தே இல்லை. எனக்கு இந்தியாவில் அத்தை பிள்ளைகள் இருக்கிறார்கள், தம்பி. எந்த ஊரில் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. வழியில் கழிந்ததை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இது தெரிந்தும் நான் என்ன செய்தேன்? உனக்குப் போன் போட்டு மனம்விட்டுப் பேசியிருக்கலாம். அதைச் செய்யாமல், வந்த பணத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அனுப்பப் போனேன். இந்தத் தடவை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பணமாற்றுக் கடைக்கு. அங்கே கவுண்டரில் இருப்பது மேகலா. என் வேனில் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டே தமிழ்ப்பள்ளிக்கு வந்த பிள்ளை. இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற வயதில் மகள் இருக்கிறாள். அன்றைக்குச் சம்பள நாள் போலிருக்கிறது, வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து வங்காளதேசத்துப் பையன்கள், உணவுக்கடையில் வேலை செய்கிற இந்தோனேசியப் பெண்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் பணத்தைக் கட்டும்போதே போனில் தன் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மகள் ஏதோ பாட்டுப் பாடிக் காட்டினாள். அந்தப் பெண் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஐயா யாருக்கு அனுப்புகிறீர்கள், ஊரில் அம்மாவுக்கா என்று கேட்டாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனுக்கு என்றேன். "தெர்பாலிக் லா, பாக்!" என்று சிரித்துவிட்டாள். தலைகீழாக இருக்கிறதே என்கிறாள். நானும் சிரித்தேன். அவள் போனபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பணத்தில் பாதியை நீ மறுபடியும் அனுப்பினாய். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மேகலாவிடமே போய் நின்றேன். அவள் ஒரு துண்டுத் தாளில் போனதையும் வந்ததையும் கூட்டிப் பார்த்தாள்.

"வேன் அங்கிள், கோவிச்சிக்காதீங்க. நீங்களும் அண்ணனும் மாத்தி மாத்தி அனுப்பி, எண்ணூறு வெள்ளிகிட்ட வழியிலயே போச்சு. ஆஃபர்ல பாத்தா இந்தக் காசுக்குப் போய்ட்டு வர டிக்கெட்டே கெடைக்கும்லா."

"யாருக்கு டிக்கெட்டு?"

"ஒங்களுக்குத்தான் அங்கிள். இனிமே காச அனுப்பாதீங்க. நீங்க போங்க."

அந்தத் துண்டுத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்து மலாக்கா டவுனுக்குப் போய்க் காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். விசா, டிக்கெட்டு எல்லாம் மேகலா தன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். மீதிப் பணத்தை அவளிடமே டாலராக மாற்றி, உள்சட்டையில் பை தைத்து வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய் என்று ஏர்போர்ட்டிலிருந்துதான் செய்தி அனுப்பினேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். பெர்த்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீ நின்ற கோலம்! முன்னால் முடி கொட்டியிருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. "ஏன்பா இப்படி" என்றாய். "சும்மாதான்டா" என்றேன். காரில் ஏறினோம்.

அங்கே இருந்த பன்னிரண்டு நாளில் நாம் அதிகம் பேசிவிடவில்லை. ஆனால் சாயங்காலமானால் நீ சாப்பாட்டுப் பையைக் காரில் எடுத்து வைப்பாய், நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை, "நீ வண்டிய நிறுத்த எடம் தேடாத, நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்று இறங்கிவிட்டேன். கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பிள்ளை என் வயதைப் பார்த்து இரண்டு தடவை தேங்க்யூ சொன்னது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் நீ, "பழைய வேன்ல பிள்ளைங்கள எறக்கிவிட்ட மாதிரி இருக்குபா" என்றாய். நான் கொண்டுவந்த பணத்தை முதல் நாளே சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். நீ தொடவில்லை. நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தோசை சுட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "வாடகை கட்டிட்டேன்பா. ஒங்க காசுல" என்றாய். எனக்கு அதுவே போதும்.

வேறு ஒரு பட்டறையில் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் என்னையும் அழைத்துப் போனாயே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். நீ சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, முன்னால் மிஸ்டர் என்று போட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து எழவில்லை, தம்பி. அவ்வளவு நாள் கழித்துக் காதில் என் பெயர் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்துவிட்டது. நீயும் எழுந்து நின்றாய். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ சிரித்தாய். உங்கம்மா போனபிறகு நீ பல் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "மை டாட்" என்று என் தோளில் கையை வைத்து உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாய். நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அந்தக் கை தோளில் இருந்த மாதிரியே இருந்தது. அந்த வேலைதான் உனக்கு இப்போது கிடைத்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்தபின் முன்பைவிட அமைதியாக இருக்கிறது. போகாமல் இருந்திருந்தால் பழகியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு, நீ பையைத் தூக்குகிற நேரம், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விடுகிறேன். பிறகு கேட்டைப் பூட்டுவதற்காக வந்த மாதிரி பூட்டிவிட்டுத் திரும்புகிறேன். இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்க வேண்டும். நானும் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவன்தான். என் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் கேள். பழையபடி அனுப்பாதே. எனக்கு இருப்பது போதும். கையை மடக்கிக்கொண்டு இருக்க மனம் வரவில்லை என்றால் மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்து அனுப்பு. ஒவ்வொரு தடவைக்கும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள் அல்லவா? கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்கிறவனிடம் ரேட்டு என்ன என்று கேள், அவனுக்கு வரவேண்டியதை அங்கே எடுத்திருப்பான். எவ்வளவு அனுப்பினாய், எவ்வளவு வழியில் போனது என்று என்னிடம் சொல்லு, நானும் சொல்கிறேன். அதை மறைத்து ஒரு குடும்பம் போனது போதும். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி ஒருத்தி வந்தால் அவளுக்கும் தெரியும்படி அனுப்பு. வேலை போனாலும் சொல்லு. அப்பாவுக்கு அனுப்ப இந்த மாதம் இல்லை என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வெட்கமாக இருந்தால், அந்த வெட்கத்தை உண்டாக்கினவன் நான்தான். போனை உங்கம்மா கையிலேயே விட்டுவிட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவன் நான்தானே.

ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போது ஒரு ஐம்பது டாலர் நோட்டை என் சட்டைப்பையில் திணித்தாய். "வழியில காப்பி குடிங்கபா" என்றாய். நான் குடிக்கவில்லை. அது அலமாரியில் உங்கம்மா சேலைக்குக் கீழே இருக்கிறது. இன்று காலை பாசாரில் காய் வாங்கிக்கொண்டு நான் வரும்போது மேகலா கடையைத் திறந்துகொண்டிருந்தாள். உனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டாள்.

"அங்கிள், டாலரு ஏதாச்சும் மிச்சம் இருக்கா? ரேட்டு நல்லா ஏறியிருக்கு. குடுங்க, மாத்தித் தர்றேன்."

"ஒரு அம்பது இருக்கு. அது இருக்கட்டும்மா."

"சும்மா வச்சிருந்து என்னா பண்ணப் போறீங்க?"

"அங்க எறங்குனா கைச்செலவுக்கு ஆகும்ல."

"அட, மறுபடியும் போறீங்களா? எப்ப அங்கிள்?"

"அவன் கூப்புட்டதும்" என்றேன்.

அப்பா